வண்டி என் பேர்ல கீது

அம்சவேணி கார்மென்ட்ஸ் வேலையை விட்ட அன்றைக்கு, கூட வேலை செய்த பெண்கள் சேர்ந்து அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். பெரிய வட்டக் கடிகாரம், நடுவில் மயில் படம். அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, எதிர் சீட்டில் இருந்த லூயிசா மாலூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"செவுரே இல்லாத வூட்டுக்குப் போறவளுக்கு செவுரு கடிகாரம். இவளுங்க புத்தி இன்னா புத்தியோ."

"நீயே எடுத்துக்கினு போ. உன் வூட்டுல செவுரு கீது இல்ல?" என்றாள் அம்சவேணி.

லூயிசா அவளோடு ஒரே கம்பெனியில் வேலை செய்தவள், ஒரே ரயிலில் வந்து போனவள். அம்சவேணி வேலையை விடுவது வேறு வேலைக்காக இல்லை என்று அவளுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். மற்றவர்களிடம் "கொஞ்ச நாள் ஊர் பாக்கப் போறோம்" என்று சொல்லி வைத்திருந்தாள். கொஞ்ச நாள் இல்லை. அம்சவேணியும் அவள் புருஷன் ரகுவும் தங்கவயலை விட்டுக் கிளம்பி ஊர் ஊராகப் போவதாக இருந்தார்கள். ஓர் ஊரில் ஒரு மாதம், இன்னோர் ஊரில் பத்து நாள். திரும்பி வரும் தேதி என்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

யோசனை ரகுவுடையது. ஆறு வருடத்துக்கு முன்னால், காலை ரயில் சிக்னலுக்காக டேக்கல் பக்கம் நின்று கிடந்த ஒருநாள் அவன்தான் ஆரம்பித்தான்.

"அம்சா, நாம போய் வர்ற தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு வருஷத்துல உலகத்தையே ஒரு தபா சுத்தி வந்துடுறோம். ஆனா பார்த்தது இன்னா? மாலூர் செங்கல் சூளை."

அது உண்மைதான். அம்சவேணிக்கு அப்போது முப்பத்து நாலு வயது. இருபத்தோரு வயதில் தங்கவயல் மாரிகுப்பம் ஸ்டேஷனில் கம்பெனி வேலைக்கு ரயில் ஏறியவள். முதல் எட்டு வருடம் காலர் மட்டும்தான் தைத்தாள். காலர், காலர், காலர். ஒரு முழுச் சட்டை எப்படி இருக்கும் என்பது மறந்தே போயிருந்தது. பிறகு சாம்பிள் செக்‌ஷனில் போட்டார்கள், அங்கே முழு உடுப்பும் தைக்கக் கற்றுக்கொண்டாள். ரகு ஹூடிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியன். இரண்டு பேரும் விடிவதற்கு முன் வீட்டை விட்டுப் போய் இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தார்கள். நந்திதுர்க்கில் அவர்கள் வீடு இருந்த லைனில், அந்தப் பழைய சுரங்கக் குடியிருப்பு வரிசையில், பகல் வெளிச்சம் எப்படி விழும் என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்தார்கள்.

அன்றைக்குப் பிடித்த பேச்சு பிறகு நிற்கவே இல்லை. குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்றை வாங்குவது. பின்னால் மேல்கூடு கட்டி, ஒரு பக்கம் படுக்கப் பலகை, மறுபக்கம் தையல் மெஷின். அவள் துணி தைப்பாள், ஜிப்பு மாற்றுவாள். அவன் மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் பார்ப்பான். ரகு ஒரு நீள நோட்டு வாங்கி வழியெல்லாம் வரைந்தான். கடப்பா, கர்னூல், சோலாப்பூர், அப்பால குஜராத். சில நாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்கூடச் சேர்ந்துகொண்டு வழி சொல்வார்கள்.

"எப்போ திரும்பி வர்றது?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

"எதுக்குத் திரும்பணும்?" என்றான் ரகு.

அந்தப் பதில் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. நாலு வருடம் ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்துவிட்டு, ஒருநாள் இரண்டு பேரும் பேசி நிறுத்திக்கொண்டார்கள். அதில் அவளுக்கு இருந்த துக்கம் அத்தோடு தீர்ந்துபோனது. சொந்தக்காரர்களுக்குத்தான் தீரவில்லை. "பிள்ளை குட்டி இல்ல, அதான் ஊர் சுத்த ஆசை" என்று ரகுவின் அண்ணி தாயம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தபோது, அம்சவேணி நேராக அவள் வீட்டுக்கே போனாள்.

"அக்கா, பிள்ளை இருந்திருந்தாலும் இடுப்புல தூக்கி வெச்சிக்கினு போயிருப்பேன். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க."

தாயம்மா அதற்குப் பிறகு அவள் காதுபட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வண்டியை அம்சவேணியின் பி.எஃப். பணத்தில்தான் வாங்குவது என்று முடிவானது. ஆனால் அது கைக்கு வர வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகும். அதனால் லூயிசாவின் தம்பி டென்னிஸிடம் இருந்த பழைய குட்டியானையை அவன் முதலிலேயே கொடுத்துவிட்டான். "அக்கா எங்க ஓடிடப் போறாங்க?" என்றவன், தானே சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆர்.சி. புத்தகம் அம்சவேணி பேருக்கு மாறியது. பங்காருபேட்டையில் ஒரு பாடி கட்டும் ஷெட்டில் கூண்டு கட்டி, பச்சை பெயின்ட் அடித்து, ஒரு பக்கம் மேலே தூக்கி நிறுத்தும் கதவு வைத்தார்கள். கதவைத் தூக்கினால் அதுவே நிழலாகிவிடும். அவள் வேலையை விட ஒரு மாதம் இருக்கும்போதே வண்டி தயாரானது. அது வந்து லைன் வாசலில் நின்றபோது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடினார்கள். ரகு மட்டும் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, தலை வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டான்.

பி.எஃப். பணம் வரும் வரை வேலைக்குப் போய் வருவதாக ரகு சொல்லியிருந்தான். அவள் வேலையை விட்டு மூன்று வாரம் ஆன ஒரு மத்தியானம், அம்சவேணி நூல்கண்டு வாங்க ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அங்கே ஷெர்வின் எதிரே வந்தான். ரகுவோடு அதே அடுக்குமாடியில் பிளம்பர் வேலை பார்க்கும் பையன்.

"அக்கா, கங்கிராட்ஸ். அண்ணன் சூப்பர்வைசர் ஆனதுல எங்க எல்லாருக்கும் குஷி. ஸ்வீட்டெல்லாம் கொடுத்தாரு."

அம்சவேணி சிரித்தாள். "ஆமாப்பா" என்றாள். நூல்கண்டு வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

சாயங்கால ரயிலில் ரகு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, "ஷெர்வினைப் பார்த்தேன்" என்றாள்.

அவன் நிமிரவில்லை.

"சூப்பர்வைசர் ஆயிட்டீங்களாம். ஸ்வீட் குடுத்தீங்களாம். எனக்கு ஒண்ணு எடுத்துக்கினு வரக்கூடாதா?"

"அம்சா, வேலைய வுடறேன்னு லெட்டர் குடுக்கலாம்னுதான் போனேன். பாக்கெட்லதான் இருந்துச்சு. மேனேஜர் என்னைப் பார்த்ததும், வா ரகு, உன்னைத்தான் கூப்பிடணும்னு இருந்தேன்னான். சூப்பர்வைசர் போஸ்ட்டுன்னான். நான் சரின்னுட்டேன்."

"எப்போ?"

"ஒன்றரை மாசம் ஆச்சு."

அவள் மனசுக்குள் தேதிகள் ஓடின. "நான் வேலைய வுடறதுக்கு முன்னாடியே."

ரகு செருப்பை எடுத்து ஓரமாக வைத்தான்.

"கடைசி நாள் அன்னிக்கு ரயில்ல என் பக்கத்துலதானே உக்காந்துக்கினு வந்தீங்க? அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தே." ரகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "பேசறப்ப நல்லா இருந்துச்சு அம்சா. நெஜமாவே போயிடுவோம்னுதான் நெனச்சேன். வண்டி வந்து வாசல்ல நின்னுதுல்ல, அன்னிக்குத் தலைவலின்னு சொன்னது பயத்துலதான். ஒரு நாளும் அப்படி பயந்தது இல்ல. எங்க படுப்போம், காய்ச்சல் வந்தா இன்னா பண்ணுவோம், இதெல்லாம் அன்னிக்குத்தான் தோணுச்சு."

பயந்தேன் என்று அவன் சொன்னது அவளுக்குக் கோபம் தரவில்லை. அவளுக்கும் பயம் இருந்தது. ஆனால் அவன் அடுத்ததாகச் சொன்னதுதான் அவளை எழுந்து நிற்க வைத்தது.

"அண்ணன் வண்டிய கேட்டுச்சு. வாட்டர் கேன் போட. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு சொன்னீங்க?"

"சும்மா நிக்கப் போற வண்டிதானே."

"சும்மா நிக்காது" என்றாள் அம்சவேணி.

ரகுவின் அண்ணன் ஆறுமுகம், சுரங்கம் மூடுவதற்கு முன் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர். ஆறு வருடம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் பூமிக்குள் இறங்கி ஏறியவர். மூடிய பிறகு செக்யூரிட்டி வேலை, பெயின்டிங் வேலை என்று பல வேலை பார்த்து, இப்போது ராபர்ட்சன்பேட்டையில் வாட்டர் கேன் ஏஜென்சி வைத்திருந்தார். அங்கேயே ஒரு மனை வாங்கிக் கீழ்வீடு கட்டியிருந்தார். மேலே மாடி கட்டித் தம்பியை அங்கே குடிவைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கெட்ட மனிதர் இல்லை. குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் குடும்பம் என்று நம்பியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் தாயம்மாவும் வந்தார்கள். கூடவே அவர்கள் மகள் பவ்யாவும் வந்தாள். காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். காபி குடித்து முடித்ததும் ஆறுமுகம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாவியக் குடும்மா. டிரைவர் பையன் வெளிய நிக்கறான்."

"தரமாட்டேன் மாமா."

"ரகு சொன்னானே."

"வண்டி என் பேர்ல கீது."

ஆறுமுகம் தம்பியைப் பார்த்தார். ரகு ஜன்னலைப் பார்த்தான்.

"சரி, உன் பேர்லயே இருக்கட்டும். ஓட்டறதுக்கு ஆள் யாரு? அவன் வரலன்னுட்டான். நீ இன்னா பண்ணப் போறே?"

"நான் போறேன்."

"தனியாவா?"

"அவர் வந்தா ரெண்டு பேரு. வராட்டி ஒருத்தி."

தாயம்மா வாயில் கை வைத்தாள். "பொம்பள தனியா ரோட்டுல படுத்துக்குவியா? இன்னா பேச்சுடி பேசறே? ஊர் இன்னா சொல்லும்?"

"எந்த ஊருக்கா? நம்ம ஊர்ல பாதிப் பேரு எப்பவும் ரயில்லதான் கீறாங்க."

பவ்யா சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறுமுகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "வெளையாடாதம்மா. ரோடு கெட்டுக் கெடக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பாங்க?"

அம்சவேணி அதுவரை உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள்.

"மாமா, பத்தொம்பது வருஷம் இருட்டுல போயி இருட்டுல வந்தேன். மாரிகுப்பம் ஸ்டேஷன்லருந்து இந்த லைன் வரைக்கும் எத்தினி நாள் தனியா நடந்து வந்திருக்கேன்? நாய் தொரத்தியிருக்கு, குடிகாரன் தொரத்தியிருக்கான். அப்ப யாரும் ரோடு கெட்டுப்போச்சுன்னு சொல்லல. மாசமானா சம்பளம் வந்துச்சு, ரோடும் நல்லா இருந்துச்சு. இப்ப எனக்காகப் போறேன்னதும் ரோடு கெட்டுப்போச்சா?"

அவளே தொடர்ந்தாள்.

"உங்க தாத்தா குடியாத்தம் பக்கத்துலருந்து நடந்தே வந்தாருன்னு நீங்கதானே சொல்லுவீங்க? அவர் கெளம்பறப்பவும் ஊர்ல நாலு பேரு வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க."

"அவர் பொழைக்க வந்தாரு" என்றார் ஆறுமுகம்.

"நானும் பொழைச்சிக்கினுதான் போறேன். என் கையில தொழில் கீது."

ஆறுமுகம் எழுந்து செருப்பை மாட்டினார். வாசலில் நின்று தம்பியிடம், "உன் பொண்டாட்டிய உன்னால நிறுத்த முடியல இல்ல?" என்றார். ரகு அதற்கு ஒன்று சொன்னான். பல நாள் கழித்தும் அம்சவேணி அதை நினைத்துக்கொள்வாள். "நிறுத்தறதுக்கு எனக்கு வாய் இல்ல அண்ணே. கெளப்பி வுட்டதே நான்தான்."

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டிகூட ஓட்டியதில்லை.

அடுத்த திங்கட்கிழமையே டென்னிஸைப் போய்ப் பார்த்தாள். அவன் ஸ்கூல் வேன் டிரைவர். பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தபின் பத்து மணியிலிருந்து ஒரு மணி நேரம் சொல்லித் தருகிறேன் என்றான். சுரங்கத்தில் தங்கக் கல்லை அரைத்துக் கொட்டிய மண் மலைபோலக் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய பொட்டல் இருந்தது. அங்கேதான் பழகினாள். கிளட்ச்சை விட்டால் வண்டி துள்ளி நின்றுபோகும். திரும்ப ஸ்டார்ட் செய்வாள், திரும்ப நிற்கும். ஆடு மேய்க்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் வாரம் முழுக்கத் தொடை வலித்தது. ஒருநாள் ரிவர்ஸில் போய் ஒரு மண் சுவரை இடித்தாள். பின்விளக்கு உடைந்தது. வண்டியை விட்டு இறங்கி அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள்.

டென்னிஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "நாளைக்கு வர்றீங்களா அக்கா, வேணாமா?"

"நாளைக்கு எதுக்கு? இப்ப இன்னொரு தபா ரிவர்ஸ் போடறேன். எழுந்துக்கறதுக்கு கை குடு."

லைசென்ஸ் டெஸ்ட்டில் முதல் முறை தோற்றாள், அதே ரிவர்ஸ்தான். ஒரு மாதம் கழித்து, பி.எஃப். பணம் வந்து டென்னிஸுக்கு வண்டி விலையைக் கொடுத்த பிறகு, இரண்டாவது முறை பாஸ் ஆனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது, வாரலீவில் இருந்த ரகு வண்டிக்குள் படுத்துக்கொண்டு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். மெஷினுக்கும் விளக்குக்கும் தனி பேட்டரி வைத்து, தலைமாட்டில் சின்ன ஃபேன் மாட்டியிருந்தான். கதவுக்கு உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள் போட்டிருந்தான். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஃபியூஸ் போனா எப்படி மாத்தறதுன்னு காட்டறேன் வா" என்றான். இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். அவன் வரவில்லை என்பதும், அவள் போகிறாள் என்பதும் அதற்குள் வீட்டில் பழகிப்போயிருந்தது. சண்டை ஓய்ந்திருந்தது. துக்கம் ஓயவில்லை.

கிளம்புவதற்கு முதல்நாள் ரகு, "விடிகாலைல நாலு மணிக்குக் கெளம்பிடு அம்சா. யாரும் எழுந்திருக்க மாட்டாங்க" என்றான்.

"எதுக்கு? நான் யார் வூட்டுலயாவது திருடிட்டா போறேன்?"

அவள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினாள். சர்ச்சுக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். குழாயடியில் கூட்டம் இருந்தது. லைன் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. லூயிசா கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, எலுமிச்சம்பழச் சாதம் கட்டிய டிபன்பாக்ஸை சீட்டில் வைத்தாள். ஆறுமுகமும் தாயம்மாவும் வரவில்லை. பவ்யா மட்டும் பஸ் பிடித்து வந்திருந்தாள். ரகு நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்தான்.

லைன் முனையில் திரும்பும்போது வண்டி நின்றுபோனது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்சவேணி கண்ணாடியைப் பார்க்கவில்லை. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சாவியைத் திருப்பி, மறுபடி எடுத்து, ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்துவிட்டுப் போனாள்.

முதல் ராத்திரி முல்பாகல் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினாள். கண்ணை மூடவே இல்லை. மூன்றாவது ராத்திரி மதனப்பள்ளியில் தூங்கினாள். கதிரி, அனந்தப்பூர், கர்னூல். தங்கவயலில் வளர்ந்தவளுக்குத் தெலுங்கும் கன்னடமும் கையில் இருந்தன. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலோ சந்தைக்கு வெளியிலோ கதவைத் தூக்கி நிறுத்தினால் அரைமணி நேரத்தில் யாராவது ஒரு கிழிந்த பையோடு வந்து நிற்பார்கள். ஸ்கூல் திறக்கும் மாதங்களில் யூனிஃபார்ம் வேலை தலைக்கு மேல் இருந்தது. ஓர் ஊரில் நாலு ஆண்கள் வந்து, இங்கே நிறுத்தக் கூடாது, பொம்பளை தனியா எதுக்கு வந்தே என்று வண்டியைத் தட்டினார்கள். அவள் வண்டியை எடுத்துப் போய் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, அங்கேயே ஒரு வாரம் தைத்தாள். ஏட்டம்மாவின் யூனிஃபார்மைக்கூட இடுப்பளவு பிடித்துக் கொடுத்தாள்.

ஒரு தடவை நந்தியால் பக்கம் ஒரு கிராமத்தில் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாள். மிளகாய் காயவைக்கும் ஒரு குடும்பத்தார் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்றாவது நாள் ரகுவுக்குப் போன் செய்து அழுதுவிட்டாள்.

"நான் வந்து கூட்டிக்கினு வர்றேன்" என்றான் அவன், பதறிப்போய்.

"கூட்டிக்கினு போக வராதீங்க. பார்த்துட்டுப் போகணும்னா வாங்க."

அவன் வரவில்லை. அது அவளுக்கு வலித்தது. காய்ச்சல் விட்டதும் சோலாப்பூருக்குப் போனாள். அங்கே பேச பாஷை இல்லை. அளவு எடுக்கும் டேப்பும் விரல்களும் போதுமாக இருந்தன.

அவள் கிளம்பிப் பதினாறு மாதம் கழித்து பவ்யா போன் செய்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "சித்தி, நீங்க வந்துதான் என் பிளவுஸ் எல்லாம் தைக்கணும். ப்ளீஸ் சித்தி. வரலன்னா நான் பேசவே மாட்டேன்."

அம்சவேணி நாலு நாள் வண்டி ஓட்டி வந்து சேர்ந்தாள். பச்சை பெயின்ட் வெளுத்து, பம்பரில் ஒரு பெரிய நசுங்கலோடு வண்டி ராபர்ட்சன்பேட்டையில் ஆறுமுகத்தின் வீட்டு வாசலில் நின்றது. மாடி கட்டி முடிந்திருந்தது. ரகு அங்கே குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கத்தில் டயரைக் காலால் தட்டினான்.

"காத்து கம்மியா கீது."

"தெரியும். சித்தூர்ல பார்த்தேன். நீங்களே அடிச்சிக் குடுங்க" என்றாள் அவள். இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

பத்து நாள் அந்த வாசலிலேயே கதவைத் தூக்கி வைத்துக்கொண்டு பவ்யாவுக்கு ஒன்பது பிளவுஸ் தைத்தாள். தாயம்மாவுக்கு மூன்று. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரே பேச்சுதான்: "திரும்பி வந்துட்டா பாத்தியா. எத்தினி நாளைக்கு முடியும்?" யார் அதைச் சொன்னாலும் அம்சவேணி தலையை நிமிர்த்தி, "வெள்ளிக்கிழமை கெளம்பறேன்" என்றாள். யாரும் நம்பவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள், பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது ஆறுமுகம் எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டார். கையில் மாடி வீட்டுச் சாவி.

"அம்சா, போனே, பார்த்தே, வந்துட்டே. நான் ஒரு வார்த்த தப்பா பேசமாட்டேன். இது உன் வூடு. புடி."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அன்போடுதான் நீட்டினார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

"மாமா, நீங்க நல்ல மனசோட குடுக்கறீங்க. ஆனா நான் தோத்துட்டு வரல. கல்யாணத்துக்கு வந்தேன். சாவி அவர்கிட்டயே இருக்கட்டும், இங்க வந்தா கதவைத் தட்டறேன்."

"அப்ப உன் புருஷன்?"

"அவரைக் கேளுங்க. என் வண்டில பலகை ரெண்டு பேருக்குப் போட்டதுதான். இன்னும் அப்படியேதான் கீது."

ஆறுமுகத்தின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வந்தவர், மருமகன் வீட்டு ஆட்கள் நிற்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் கிளம்பும் வரைக்கும் அவளோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் ரகு அவளை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். சமையலறையில் அவள் உயரத்துக்கு அலமாரி அடித்திருந்தான். ஜன்னல் ஓரம் மெஷின் போட இடம் விட்டு, அங்கே ஒரு பிளக் பாயின்டும் வைத்திருந்தான். பெயின்ட் வாசனை போகவில்லை.

"நல்லா பண்ணியிருக்கீங்க" என்றாள், மனசாரவே.

"அப்ப இருக்கலாம்ல?"

"நீங்க வரலாம்ல?"

ரகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எனக்கு சாயங்காலமானா ஒரே எடத்துக்கு வந்து படுக்கணும் அம்சா. அது ஒரு தப்பா?"

"தப்பில்ல. அதை நீங்க ஒன்றரை மாசம் மறைச்சீங்க பாருங்க, அதான் தப்பு."

"ஆமா." அவன் ஒத்துக்கொண்டான். பிறகு, "என் மேல வெறுப்பு இல்லியே?" என்றான்.

"வெறுப்பு இருந்தா காத்து அடிச்சிக்கினு வந்திருப்பேன். உங்ககிட்ட அடிக்கச் சொல்லியிருக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வண்டியை எடுத்தபோது, வேலைக்குப் போகும் பையோடு ரகு வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். "பங்காருபேட்டை வரைக்கும் வர்றேன். அங்க ரயில் புடிச்சிக்கறேன்."

அந்த வண்டியில் அவள் ஓட்ட அவன் உட்கார்ந்து வருவது அதுதான் முதல் தடவை. அவள் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவன் கால் தானாகக் கிளட்ச்சைத் தேடியது. வழியில் ஒரு லாரியை அவள் ஓவர்டேக் செய்ததும், "நல்லாத்தான் ஓட்டறே" என்றான், கொஞ்சம் வியப்போடு.

ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தினாள். ரயில் வரப் பத்து நிமிடம் இருந்தது. இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.

"இந்த தபா எங்க?"

"சிந்தாமணில ஒரு வாரம். அப்பால துமகூரு, ஹாசன். மழை வுட்டதும் கடல் பக்கம் எறங்கணும்."

"நான் கடலைப் பார்த்ததே இல்ல" என்றான் ரகு.

"போன் பண்ணுங்க. எங்க கீறேன்னு சொல்றேன். லீவு போட்டுட்டு வாங்க. நாலு நாள் இருங்க, பத்து நாள் இருங்க. திரும்பிப் போறேன்னா ஸ்டேஷன்ல கொண்டாந்து வுடறேன். ஆனா என்னைக் கூட்டிக்கினு போக மட்டும் வராதீங்க."

"சரி" என்றான். ரயில் வந்துவிட்டது. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு படியேறினான். மேலே போய் ஒருமுறை திரும்பிக் கையைத் தூக்கினான். அவளும் தூக்கினாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள், முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து, "அம்மா, வண்டிய எடுங்க" என்று கன்னடத்தில் கத்தினான்.

"எடுக்கறேன், எடுக்கறேன், இருப்பா" என்று அவளும் கன்னடத்திலேயே கத்திவிட்டு வண்டியை எடுத்தாள்.

மத்தியானம் சிந்தாமணி சந்தைக்குப் பக்கத்தில் ஒரு புங்கமர நிழல் கிடைத்தது. கதவைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தி, மெஷினுக்கு எண்ணெய் விட்டு, நூல் கோத்துக்கொண்டிருந்தபோதே ஒரு பெண் இரண்டு சின்னப் பாவாடைகளோடு வந்து நின்றாள்.

"தேர்த் திருவிழாவுக்கு வேணும். ஓரத்தைப் பிரிச்சு நீளம் வுடணும். நாளைக்குக் கெடைக்குமா?"

"சாயங்காலமே வாங்க" என்றாள் அம்சவேணி. துணியை வாங்கி மடியில் விரித்து, தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.